சுவரில்லாத கதவு

அந்த மாடியில் நின்ற கதவைக் காற்றுகூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தது. இத்தனைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் சுவர் இல்லை, அந்தப் பக்கம் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை. படிக்கட்டு முடிகிற இடத்தில், விருந்துக்கு முதல் ஆளாக வந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற சம்பந்தி மாதிரி, நிலையும் பூட்டும் மணியுமாகத் தன்னந்தனியாக நின்றது. இரண்டு பக்கமும் யானை திரும்புகிற அளவுக்கு வழி கிடந்தது. ஒருவரும் அந்த வழியில் போகவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர், தோளில் கேன் அழுத்த, நின்று மணி அடித்தார். பிறந்ததிலிருந்து எந்த ஜீவனுக்கும் மரியாதை கொடுத்தறியாத தெருப்பூனை, கதவுக்கு முன்னால் உட்கார்ந்து வாலைச் சுற்றிக்கொண்டு, திறக்கட்டும் என்று காத்திருந்தது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த வீட்டிலேயே ஒருவர் நம்பவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் லாரிகளை ஏற்றி எடை சொல்வது அவர் தொழில். பெற்ற தாய் லாரியில் ஏறி வந்தாலும் ஒரு கிலோ குறைத்துச் சொல்ல மாட்டார் என்று பெயர் வாங்கியவர். "சுவரில்லாத கதவை எவன்யா தட்டுவான்? பார்த்தவன் வந்து சொல்லட்டும். சொன்னாலும் நம்ப மாட்டேன்" என்பார்.

அந்தக் கதவு வந்து நின்றது சின்னவளால். பெரியவரின் தம்பி மனைவி அவள். அவளுடைய வேலை மன்னிப்புக் கேட்பது.

துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனிக்கு, மாடி அறையில் உட்கார்ந்தபடியே அழைப்பு எடுப்பாள். சுற்றாத இயந்திரம், நிற்காமல் சுற்றுகிற இயந்திரம், புதுப் புடவையைத் தின்றுவிட்டுக் கிழிசலைத் துப்பிய இயந்திரம் எல்லாவற்றுக்கும் அவளே பொறுப்பு. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் கழற்றும்போது இரண்டு காதும் வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். "உங்க சிரமம் புரியுதுங்க, மன்னிச்சுக்கோங்க." சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் நாக்கில் தழும்பாகிவிட்டது. சாப்பிடும்போது கரண்டி கீழே விழுந்தால் கரண்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் குனிவாள்.

அறைக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே முட்டையை வைத்தால் அவிந்த முட்டையாக எடுக்கலாம். மழைக் காலத்தில் தகரம் போடுகிற சத்தத்தில், திட்டுகிறவர் திட்டுவது பாதிதான் காதில் விழும். அது ஒன்றே மழையின் லாபம். வாசலுக்கு ஒரு திரைச்சீலை. அவள் புருஷன் தச்சன். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்து மாட்டியவன். சொந்த அறைக்கு மாட்ட மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. கேட்டால், "நல்ல மரம் வரட்டும்" என்பான். நல்ல மரம் வந்தால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரையை விலக்கிக்கொண்டு வருவார்கள். அவள் ஒரு காதில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். அவளுடைய ஓரகத்தி, பெரியவரின் மனைவி, நேரே வந்து மறு காதருகே குனிந்து, "ஏண்டி, துணி கிளிப்பு எங்க வெச்ச?" என்பாள். பெரியவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருகிறவர், அறைக்குள் எட்டிப் பார்த்து, "மோட்டாரை நிறுத்திட்டியாம்மா?" என்று லாரிக்காரர்களிடம் பேசுகிற குரலில் கேட்பார். மறுமுனையில் இருக்கிற அம்மாள், "என்னது, மோட்டாரா? என் மெஷின்ல மோட்டாரே போயிடுச்சா?" என்று அலறுவாள்.

அதையாவது சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது நெட்.

நெட் கீழ்வீட்டுக்கு வந்தது. பெரியவர் பெயரில் ஒரே இணைப்பு. அதில் கீழே இருக்கிற டிவி பிடித்தது போக, பெரியவரின் கைப்பேசி பிடித்தது போக, ஓரகத்தியின் அக்கா பிடித்தது போக மிச்சம்தான் மாடிக்கு. ஓரகத்தியின் அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். காலையில் வீடியோ அழைப்பைப் போட்டுச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தால் சாயங்காலம்வரை அப்படியே கிடக்கும். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். இவள் வெங்காயம் நறுக்குவாள், அங்கே அவள் துணி மடிப்பாள். எப்போதாவது, "தும்மினியா?" "இல்லை, தூசு." அவ்வளவுதான். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனசு வரும்? சின்னவளுக்கு வரவில்லை. அண்ணன்மாருடைய சட்டை கடைசித் தம்பிக்கு வருகிற மாதிரி, நைந்து நூலாகி மேலே வந்து சேர்ந்த நெட்டை வைத்துக்கொண்டு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி மன்னிப்பில் அழைப்பு அறுந்துவிடும். மன்னிப்பு கிடைக்காதவர்கள் மறுபடி கூப்பிட்டு இரண்டு மடங்காகத் திட்டினார்கள்.

ஒரு நாள் மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நாள் நான் மறைக்கறது? மேல இருந்து கேக்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள உனக்குன்னு தனி லைன் போட்டுடு. இல்லைன்னா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

மழைக் காலம் தொடங்கிவிட்டது. மழையில் மரம் ஊதிக்கொள்ளும். யாரும் கதவு மாட்டக் கூப்பிட மாட்டார்கள். தச்சன் பட்டறையில் உட்கார்ந்து உளிகளைத் தீட்டிக்கொண்டிருப்பான். அந்த மாதங்களில் மேலே அடுப்பு எரிவது அவள் கேட்கிற மன்னிப்பில்தான்.

சின்னவள் நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவளும் இவளைப் போல ஒருத்தி.

"உங்க சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம். அந்த விலாசத்துல ஏற்கெனவே ஒரு கனெக்‌ஷன் இருக்கு. இன்னொண்ணு தர முடியாது."

"இல்லைங்க, நீங்க மன்னிக்கணும். அது கீழ்வீடு. நான் மாடி."

"புரியுது மேடம், மன்னிச்சுக்கோங்க. சிஸ்டத்துல ஒரே வீடுன்னு காட்டுது."

"உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, ஆனா…"

"அய்யோ, நாங்கதான் மேடம் மன்னிப்புக் கேக்கணும்."

இப்படியே இரண்டு பேரும் ஒருவரையொருவர் முந்த முடியாமல் மன்னிப்புக் கேட்டார்கள். அன்றைக்கு அந்தக் கம்பியில் ஓடிய மன்னிப்பைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு நாடுகளின் சண்டையைத் தீர்த்திருக்கலாம். கடைசியில் எதிர்முனைக்காரியே கேட்டாள்.

"மேடம்… நீங்களும் இந்த வேலையா?"

"ஆமாங்க."

"எது?"

"வாஷிங் மெஷின்."

"அட பாவமே."

"உங்களுக்கு மட்டும் என்ன, நெட்டு. அதைவிடப் பாவம்."

எதிர்முனைக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, கேளுங்க. தனிக் குடித்தனம்னு காட்டினா குடுப்பாங்க. எங்க ஆளு வந்து பார்த்து போட்டோ எடுப்பாரு. தனி வாசல் இருக்கணும். கதவு, பூட்டு, மணி, கதவுல வேற நம்பர். உங்க ரூமுக்குக் கதவு இருக்கா?"

"திரை இருக்கு. கதவு போட்டுடலாம்."

"ரூமுக்கு வெளியே மாடி யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். துணி காயப் போடுவாங்க, தண்ணித் தொட்டி இருக்கு."

"அப்ப ரூம் கதவு செல்லாது அக்கா. பொது இடத்தைத் தாண்டி உள்ள இருக்கற கதவை வாசல்னு எடுத்துக்க மாட்டாங்க. படிக்கட்டு முடியற இடத்துலயே கதவு இருக்கணும்." பிறகு குரல் மறுபடி உயர்ந்தது. "எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி மேடம்."

அன்று சாயங்காலம் கீழே எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே தூறல். ஓரகத்தி சூடாகக் கஞ்சியை ஊற்றினாள். அலமாரியிலிருந்து அவளுடைய அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"படிக்கட்டு முடியற இடத்துல கதவுன்னா, அப்புறம் சுவர் எழுப்பணும்."

"ஆமா மாமா. சின்னதா."

"சின்னச் சுவர், பெரிய சுவர்னு உண்டா? சுவர்னா சுவர்தான். பக்கத்துத் தெருவுல ஆட்டோக்காரனும் அவன் அண்ணனும் முட்டி உயரத்துக்குத்தான் கட்டினானுங்க, கோழி தாண்டாம இருக்க. இப்ப ஒருத்தன் செத்தா ஒருத்தனுக்குத் தெரியல. எங்க அப்பா கட்டின வீடு இது. நான் இருக்கற வரைக்கும் குறுக்கச் சுவர் வராது."

"அவ வேலை போயிடும்ங்க" என்றாள் ஓரகத்தி.

"போகட்டும்னா சொன்னேன்? நான் டிவி பாக்கல. போதுமா? உன் அக்காவையும் கொஞ்சம் தூங்கச் சொல்லு."

"எங்க அக்கா உங்களை என்ன பண்ணினா?"

"நான் இங்கதான் இருக்கேன், கேக்குது" என்றது அலமாரி.

சின்னவளுக்கு எழுந்து பதில் பேசத் தெம்பு இல்லை. பகல் முழுக்க ஊரார் திட்டு. கஞ்சியைக்கூட யாரோ அவளுக்குப் பதிலாகக் குடிப்பது மாதிரி இருந்தது. "மன்னிச்சுக்கோங்க மாமா" என்றாள், பழக்க தோஷத்தில்.

தச்சன் மட்டும் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான். "அப்ப சுவர் கூடாது. அவ்வளவுதானே அண்ணே?"

"அவ்வளவுதான்."

"சரி."

மறுநாளிலிருந்து பட்டறையில் இழைக்கிற சத்தம். எத்தனையோ காலமாக வராத நல்ல மரம் எங்கிருந்தோ வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரம் பார்த்து, தச்சன் படிக்கட்டின் தலைமாட்டில் நிலையை நிறுத்தி, பின்னால் இரண்டு முட்டுக் கொடுத்துத் தரையோடு இறுக்கினான். கதவை மாட்டினான். பித்தளைப் பூட்டு. பேட்டரியில் ஓடுகிற மணி. வீட்டு எண்ணோடு ‘மேல்’ என்று சேர்த்து எழுதிய பலகை. ஒரு விரலால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி திறந்தது.

சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க இது?"

"கதவு."

"சுவர்?"

"அண்ணன் சுவர்தானே வேணாம்னாரு. கதவு வேணாம்னு சொல்லலையே."

சத்தம் கேட்டுப் பெரியவர் மேலே வந்தார். கதவை மேலும் கீழும் பார்த்தார். லாரியில் கல்லா மண்ணா என்று பார்க்கிற பார்வை. பிறகு இடது பக்கமாகச் சுற்றி உள்ளே வந்தார்.

"இப்ப உள்ள இருக்கேன்." வலது பக்கமாக வெளியே போனார். "இப்ப வெளிய." மறுபடி உள்ளே. "டேய், உனக்குப் பைத்தியமா, நெட் கம்பெனிக்காரனுக்குப் பைத்தியமா, இல்ல என்னையப் பைத்தியமாக்கப் பாக்கறியா? இதை எவன்டா தட்டுவான்?"

"கதவுன்னா தட்டுவாங்கண்ணே."

"தட்டுவாங்க! காக்கா தட்டும், அலகைத் தீட்ட."

முதலில் தட்டியது தண்ணீர் கேன்காரர். அவருக்கு யோசிக்க நேரமில்லை. தோளில் கனம், எதிரே கதவு, கை மணிக்குப் போய்விட்டது. இரண்டாவது ஓரகத்தி. ஈரத் துணி வாளியோடு வந்தவள் முதல் நாள், "எங்க வீட்டு மாடிக்கு நான் ஏண்டி மணி அடிக்கணும்?" என்று முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டு போனாள். மறுநாள் கதவுக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினாள்.

"ஏன்க்கா, சும்மா வரலாமே" என்றாள் சின்னவள், ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு.

"என்னமோடி, கதவைப் பார்த்தா கை தானா போகுது. சுத்திட்டு வந்தா திருட்டுத்தனமா வந்த மாதிரி இருக்கு." வாளியை இறக்கி வைத்தாள். "உள்ள வரலாமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் சின்னவளிடம் கேட்டிராத கேள்வி. "வாங்கக்கா" என்று கதவை அகலத் திறந்தாள்.

அதன் பிறகு தெருவே தட்டியது. பால்காரர் தட்டினார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மணி அடித்துவிட்டு, கதவின் இந்தப் பக்கம் நின்றபடியே, இரண்டடி தள்ளிக் கண்ணெதிரே நின்ற தச்சனைப் பார்த்து, "வீட்டுல யாரும் இல்லைங்களா?" என்று கேட்டார். தச்சன் கதவைத் திறந்து, "இருக்கேன், வாங்க" என்றான். பூனையைப் பற்றி முதலிலேயே சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் ஓரகத்தி கீழே வந்து சொல்லச் சொல்ல, பெரியவர், "நீயும் உன் பூனையும்" என்று எழுந்து போவார். அவர் மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தொட்டியைப் பார்க்கவும் ஓரகத்தியைத்தான் அனுப்பினார்.

ஆனால் கதவு வந்ததால் நெட் வந்துவிடுமா? அழைப்புகள் அறுந்துகொண்டுதான் இருந்தன. மாதம் தேய்ந்துகொண்டே போனது. கம்பெனி ஆள், இன்று வருவார், நாளை வருவார் என்று குறுஞ்செய்திதான் வந்தது. மேற்பார்வைக்காரி இப்போது கூப்பிடுவதுகூட இல்லை. சின்னவள் தூங்கும்போதும் காதில் ஏதோ அறுகிற மாதிரி இருந்து விழித்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் கம்பெனி ஆள் வந்தார். வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய வாரத்தின் கடைசி நாள். மழையங்கியிலிருந்து சொட்டச் சொட்ட, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர், கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்து மணியை அழுத்தினார். சின்னவள் ஓடிவந்து திறந்தாள். உள்ளே காலை வைத்தவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். அண்ணாந்து வானத்தையும் பார்த்துக்கொண்டார்.

"சுவர் எங்கம்மா?"

"இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க."

அவர் கையில் இருந்த டேப்லெட்டைத் துடைத்து, விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "கதவு உண்டா, உண்டு. பூட்டு உண்டா, உண்டு. மணி, நம்பர், எல்லாம் இருக்கு. சுவரைப் பத்தி இதுல கேள்வியே இல்லை." பெருமூச்சு விட்டார். "கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் தேடற வயசு எனக்குத் தாண்டிடுச்சும்மா. இன்னும் எத்தனை மாடி ஏறணுமோ." கதவை மட்டும் சட்டத்துக்குள் அடக்கிப் படம் எடுத்தார். கதவு நல்ல பிள்ளையாக நின்றது.

"முடிஞ்சுதுங்களா?" என்றான் தச்சன்.

"ஒண்ணு பாக்கி. பழைய கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவரை ஒரு கேள்வி கேக்கணும்."

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள்.

மழையால் லாரிகள் வரவில்லை. பெரியவர் வீட்டில்தான் இருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து, சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். கைப்பேசியையும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கம்பெனி ஆள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து படித்தார்.

"மாடியில இருக்கறவங்க அனுமதி இல்லாம, நீங்க நினைச்ச நேரத்துக்கு அவங்க இடத்துக்குள்ள போக முடியுமா?"

பெரியவர் தம்பியைப் பார்த்தார். பிறகு கம்பெனி ஆளை.

"முடியும்."

ஓரகத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க…"

"சும்மா இரு. எடையைக் கூட்டிக் குறைச்சு சொல்ற வாய் இல்லை இது. இடது பக்கம் வழி இருக்கு, வலது பக்கம் வழி இருக்கு. எப்ப வேணா போகலாம்."

"அப்ப தனிக் குடித்தனம் இல்லைன்னு போட்டுடறேன்" என்றார் கம்பெனி ஆள். அவர் குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. விரல் திரையை நோக்கிப் போனது.

சின்னவள் சுவரில் சாய்ந்தாள். இன்னொரு வேலை. இன்னொரு கம்பெனியில் போய் இன்னொரு இயந்திரத்துக்காக முதலிலிருந்து மன்னிப்பு. அழுகைகூட வரவில்லை, அதற்கும் எங்கிருந்தோ தெம்பு வர வேண்டியிருந்தது.

"இருய்யா" என்றார் பெரியவர். "நீ கேட்டது என்ன? போக முடியுமான்னு. முடியும்னேன். போனேன்னு சொன்னேனா?"

விரல் நின்றது.

"முந்தாநாள் மழையில தொட்டி நிரம்பி வழிஞ்சுது. வீட்டுக்காரி கடைக்குப் போயிட்டா. வால்வை மூட நானே மேல போனேன்." மூக்கை உறிஞ்சினார். "உள்ள இந்தப் பொண்ணு பேசிக்கிட்டிருந்தா. இத்தனை வருஷம் கேட்டிருக்கேன், காதுல விழுந்ததில்லை. அன்னைக்கு நின்னு கேட்டேன். யாரோ என்னமோ சொல்றான், இவ மன்னிச்சுக்கோங்கங்கறா. மறுபடி என்னமோ சொல்றான், மறுபடி மன்னிச்சுக்கோங்கங்கறா. எங்க வீட்டுப் பொண்ணுய்யா. யாரோட மெஷினோ ஓடலைன்னா இவ என்ன பண்ணுவா?"

அலமாரியில் இருந்தவளும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்படியே சுத்திக்கிட்டு உள்ள போய் நின்னா, அவன் கேட்டது போதாதுன்னு நானும் ஒண்ணு கேக்கணும். கால் நகரலை. கை மட்டும் போச்சு."

"மாமா…" என்றாள் சின்னவள்.

"நீ எழுந்து வரலை. வேலைல இருந்த. நான் கூரை இல்லாத இடத்துல, ரெண்டு பக்கமும் வழி திறந்து கிடக்க, தெப்பமா நனைஞ்சுக்கிட்டு, நீ பேசி முடிக்கட்டும்னு நின்னேன். தொட்டி பாட்டுக்கு வழிஞ்சுது. அப்புறம் இறங்கி வந்துட்டேன்." பெரியவர் பெரிதாகத் தும்மினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி ஆளின் டேப்லெட்டை ஒரு விரலால் சுட்டிக் காட்டினார். லாரியின் எடையைக் கூவுகிற அதே குரல்.

"போட்டுக்க. நான் தட்டினேன்."